ஊரடங்கில் கேட்ட குருவிகள்: தலவாக்கலையிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு விரிவான பதில்

இலங்கை மலையகத்தின் தலவாக்கலைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் குடியிருக்கும் நீங்கள் முக்கியமாக இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். கொரோனா ஊரடங்கு நாட்களில் வீட்டைச் சுற்றிப் பறவைகள் பெருகியதாகவும் வழக்கத்தைவிட உரத்துப் பாடியதாகவும் தோன்றியதே, அது உண்மையா என்பது முதற்கேள்வி. தொலைநோக்கியோ கமராவோ இல்லாமல், லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) வாசலில் இருந்தபடியே அவற்றை இன்னின்னவை என்று பிரித்தறிய முடியுமா என்பது அடுத்தது. சில கிழமைகளில் பறவைகள் பெருகியிருக்க வழியில்லை. உரத்துப் பாடினவா என்பதிலும் எனக்குப் பலத்த ஐயம் உண்டு. பிரித்தறிவதைப் பொறுத்தவரை, தாராளமாக முடியும்; அதுவும் கண்ணை நம்பினால் ஆகும் காலத்தைவிடக் காதை நம்பினால் குறைந்த காலமே ஆகும்.

முதலில் நாட்காட்டியைப் பார்ப்போம். 2020 மார்ச் 20ஆம் திகதி மாலை ஆறு மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கி, தளர்ந்தும் இறுகியும் ஜூன் இறுதி வரை நீண்டது. மலையகத்தில் மார்ச் முதல் மே வரையான காலம் உள்ளூர்ப் பறவைகளில் பெரும்பாலானவை இணைசேர்ந்து கூடுகட்டும் காலம் ஆகும். ஆண் பறவை தன் எல்லையைக் காக்கவும் துணையை அழைக்கவும் பாடுவதால், ஊரடங்கு வந்தாலும் வராவிட்டாலும் அந்த மாதங்களில் பாட்டு உச்சத்தில்தான் இருக்கும். அத்துடன் மார்ச், ஏப்ரல் மாதங்களில் மழை பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு வந்து போவதால் விடியற்காலைகள் காற்றடங்கித் தெளிவாக இருக்கும். 2021 ஓகஸ்ட் 20ஆம் திகதி மீண்டும் நாடு மூடப்பட்டு ஒக்டோபர் தொடக்கம் வரை அப்படியே இருந்ததே, அந்தக் கிழமைகளை நினைத்துப் பாருங்கள். சில பறவைகள் ஓகஸ்ட், செப்டெம்பரில் இரண்டாம் முறை கூடு கட்டுவது உண்மைதான். ஆனால் தென்மேற்குப் பருவக்காற்றின் கடைசிப் பகுதியில் தகரக் கூரையில் மழை கொட்டும்போது, யார் பாடினாலும் உள்ளே இருப்பவருக்குக் கேட்காது.

அடுத்தது இரைச்சல். தேயிலைத் தொழிலுக்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்ததால் தோட்டம் முற்றாக அடங்கிவிடவில்லை என்பது உங்களுக்கே தெரியும்: கொழுந்து பறிக்கப்பட்டது, ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) இயங்கியது, கொழுந்து லொறி ஓடியது. ஆனால் அட்டன் – நுவரெலியா வீதியின் பஸ், வான், முச்சக்கரவண்டி இரைச்சலும், பயணிகள் ரயிலின் ஊதலும், பங்குனி சித்திரைத் திருவிழாக்களின் ஒலிபெருக்கிகளும் ஒருசேர நின்றன. அந்த ஆண்டு நுவரெலியாவின் ஏப்ரல் வசந்த காலக் கொண்டாட்டமும் நடக்கவில்லை. இத்தனை ஒலிகளும் விலகியதும், அவற்றுக்கு அடியில் எப்போதும் இருந்துவந்த ஒலிகள் மேலே வந்தன.

இதில் ஒரு வியப்பான செய்தி உண்டு. சத்தம் கூடினால் தன்னையறியாமல் குரலை உயர்த்திப் பேசும் மனித இயல்பை 1911இல் எத்தியேன் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்தார். பறவைகளிடமும் அதே இயல்பு இருப்பது பின்னர் தெரியவந்தது. எனவே இரைச்சல் குறைந்தால் பறவை குரலைத் தாழ்த்த வேண்டும் அல்லவா? அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் வெள்ளைத் தலைக்கோடுடைய ஒருவகைச் சிட்டை ஆராய்ந்தவர்கள் 2020இல் வெளியிட்ட முடிவு அதைத்தான் காட்டியது. முடக்க நாட்களில் அந்நகரின் வாகன இரைச்சல் 1950களின் நடுப்பகுதியில் இருந்த அளவுக்கு இறங்கியது. சிட்டுகள் முன்னைவிட மெல்லிய குரலில் பாடின. அப்படியிருந்தும் பாட்டு ஏறக்குறைய இரு மடங்கு தூரத்துக்குக் கேட்டது. பாட்டின் தரமும் உயர்ந்தது, ஏனெனில் இரைச்சலைத் தாண்டுவதற்காகக் கைவிட்டிருந்த தாழ்ந்த சுரங்களை அவற்றால் மீண்டும் பாட முடிந்தது. நெதர்லாந்தின் லைடன் நகரில் பட்டாணிக்குருவிகள் இரைச்சல் மிகுந்த இடங்களில் உயர்ந்த சுருதியில் பாடுவதை 2003இலேயே ஆய்வாளர் காட்டியிருந்தனர். அக்குருவி நம் தோட்டத்துப் பட்டாணிக்குருவிக்கு நெருங்கிய உறவு. தலவாக்கலையில் அப்படி யாரும் அளந்து பார்த்ததாக எனக்குத் தெரியாது என்றாலும், நீங்கள் கேட்ட அந்த ‘உரத்த’ பாட்டு உண்மையில் மெல்லிய பாட்டாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது காரணத்தை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. பறவைகள் அதிகம் பாடும் நேரம் விடிவதற்குச் சற்று முன்னிருந்து வெயில் ஏறும்வரை. பிரட்டுக்கும் (தோட்டத்துக் காலை ஆளெடுப்பு) பாடசாலைக்கும் வேலைக்கும் நாம் ஓடுகிற நேரமும் அதுவே. பிள்ளைகள் பாடசாலை வானைத் தவறவிடாமல் சப்பாத்துத் தேடும் வீட்டில் குண்டுக்கரிச்சான் பாடுவதை யார் கேட்பார்கள்? ஊரடங்கு பலரை அந்த நேரத்தில் வாசலில் உட்கார வைத்தது. ‘மனிதன் ஒதுங்கினான், இயற்கை மீண்டது’ என்று அந்த நாட்களில் பரவிய பேச்சை நான் ஏற்கவில்லை; சில கிழமைகளில் மீளும் அளவுக்கு இயற்கையின் பிரச்சினைகள் எளியவை அல்ல.

இனி அடையாளம் காண்பதற்கு வருவோம். மலைச்சரிவில் குடியிருப்பவருக்கு விடியற்காலையில் ஒரு தனி வசதி உண்டு. இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தங்கி, அதற்கு மேல் சற்று வெதுவெதுப்பான காற்று நிற்கும்போது, மேலே செல்ல வேண்டிய ஒலி வளைந்து கீழே திரும்புகிறது. ஆகையால் எதிர்மலையில் பாடும் பறவையும் பக்கத்து வேலியில் பாடுவதைப் போலக் கேட்கும். பனிமூட்டத்தில் கண்ணுக்கு எதுவும் புலப்படாது. காதுக்கு அது பெரிய தடையே இல்லை. தேயிலைச் செடிக்குள்ளும் கிரெவிலியா மரத்தின் உச்சியிலும் மறைந்திருக்கும் சிறு பறவையைக் கண்ணால் தேடிக் களைப்பதை விட்டு, முதலில் குரலைப் பழகுங்கள். பழகிய குரலைப் பின்தொடர்ந்தால் பறவை தானாகவே கண்ணில் படும்.

தொடங்க வேண்டியது குண்டுக்கரிச்சானிடம்தான். இருள் பிரியும் முன்பே, பெரும்பாலும் தகரக் கூரையின் முகட்டிலோ மின்கம்பியிலோ இருந்து பாடத் தொடங்கும் கறுப்பு வெள்ளைப் பறவை அது. ஆணின் தலையும் மார்பும் பளபளக்கும் கறுப்பு. பெண்ணுக்கு அந்த இடம் சற்று மங்கிய கருஞ்சாம்பல். ஒரு சீழ்க்கைத் தொடரைப் பாடி, நிறுத்தி, வாலை நிமிர்த்தி, எதிர்த்திசையில் இன்னொரு ஆண் பதில் சொல்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்த தொடரைச் சற்று மாற்றிப் பாடும். பிற பறவைகளின் குரலையும் இடையில் கலந்துவிடும் வழக்கம் அதற்கு இருப்பதால், புதுக்குரல் கேட்டவுடன் புதுப்பறவை என்று முடிவுகட்ட வேண்டாம். அதற்கும் கரும்பூங்குருவிக்கும் குழம்புகிறவர்கள் உண்டு. பின்னது நுவரெலியா, ஹக்கல போன்ற உயர்ந்த இடங்களில் கூடுதலாகக் காணப்படும்; ஏறக்குறைய முழுக் கறுப்பு, அலகும் காலும் செம்மஞ்சள், பாட்டு நிதானமானது, நீண்டது.

அடுத்துக் கொண்டைக்குருவிகள். உங்கள் உயரத்தில், அதாவது ஏறத்தாழ 1200 மீற்றரில், இரண்டு வகை சந்திக்கின்றன. வால் அடியில் சிவப்புத் திட்டுள்ள வழக்கமான கொண்டைக்குருவி நாடெங்கும் உள்ளது. அதன் குரல் உற்சாகமான, சற்றுக் கரகரப்பான இரண்டு மூன்று அசைகள். மற்றது இலங்கையின் மலைநாட்டில் மட்டுமே வாழும் மஞ்சட்காதுக் கொண்டைக்குருவி. ஒலிவ் பச்சை உடலும், கறுப்பு வெள்ளை முகமும், கண்ணருகே மஞ்சட் பூந்துடைப்பம்போல் நிற்கும் இறகுக் கற்றையும் கொண்ட இது, ‘விட்-விட், விட்-விட்’ என்று துள்ளலாக அழைத்தபடி ஒரு சரிவிலிருந்து அடுத்த சரிவுக்கு ஏறி இறங்கிப் பறக்கும். இலங்கைக்கே உரிய முப்பதுக்கும் மேற்பட்ட பறவையினங்களில் ஒன்றைக் காண வெளிநாட்டவர் பல ஆயிரம் மைல் கடந்து வருகிறார்கள். உங்கள் வீட்டுக் கொய்யா மரத்தில் அது வந்து பழம் கொத்திவிட்டுப் போகிறது.

சாதாரணக் கொண்டைக்குருவிக்கு வீட்டுக்குள் கூடு கட்டும் பழக்கம் உண்டு. விறாந்தையின் மின்குமிழ்த் தாங்கி, திரைச்சீலைக் கம்பி, சுவரில் தொங்கும் படத்தின் பின்பக்கம் எல்லாம் அதற்கு இடமே. மெல்லிய வேர், காய்ந்த புல், சிலந்தி வலை, சில வேளை பொலித்தீன் இழை ஆகியவற்றால் ஒரு கிண்ணம் முடைந்து, செம்புள்ளி தெளித்த இளஞ்சிவப்பு முட்டை இரண்டு மூன்று இடும். முட்டை பொரிக்க ஏறக்குறைய இரண்டு வாரமும், குஞ்சு வெளியேற அதைவிடச் சற்றுக் குறைவான காலமும் ஆகும். ஊரடங்கு நாட்களில் இப்படி ஒரு கூட்டை முதல் நாளிலிருந்து கடைசிவரை பார்க்கும் வாய்ப்பு வாய்த்தவர்கள் ஒரு பாடநூல் தரமுடியாத அறிவைப் பெற்றார்கள் என்பேன். குஞ்சு வாயைத் திறக்கும்போது தெரியும் செந்நிறம், தாய் கொண்டுவரும் இரை முதல் நாட்களில் பெரும்பாலும் புழுவும் பூச்சியுமாக இருந்து பின்னர் பழமாக மாறுவது, குஞ்சின் எச்சத்தைத் தாய் அலகால் எடுத்துக்கொண்டு போய் அப்பால் போடுவது எல்லாம் கதிரையில் இருந்தபடியே பார்க்கக்கூடியவை. அந்த மின்குமிழை மட்டும் சில நாட்கள் போடாமல் விடுங்கள்.

‘குட்ரூ, குட்ரூ, குட்ரூ’ என்று நண்பகல்வரை ஓயாமல் கேட்கும் குரல் குக்குறுவானுடையது. பச்சைப் பறவை பச்சை மரத்தில் இருப்பதால் பலர் வாழ்நாள் முழுவதும் குரலைக் கேட்டும் பறவையைப் பார்த்ததில்லை. கண்டி, பதுளைப் பக்கம் பழுப்புத் தலைக் குக்குறுவான் அதிகம்; மேலே ஏற ஏற இலங்கைக்கே உரிய மஞ்சள்நெற்றிக் குக்குறுவான் மேலோங்குகிறது. இரண்டும் உருட்டொலியில் தொடங்கி ஒரே தாளத்துக்கு வருவதால், குரலை மட்டும் கொண்டு பிரிக்கக் கொஞ்சம் பயிற்சி வேண்டும். பட்டுப்போன கிளையில் வட்டமான துளை இருந்தால் அதன் எதிரே சற்று உட்கார்ந்து பாருங்கள். உள்ளேயிருந்து தடித்த அலகொன்று எட்டிப் பார்க்கும். பட்டுப்போன மரத்தை விறகுக்கு வெட்டுமுன் அந்தத் துளையைக் கவனிப்பது நல்லது.

உருவத்துக்கும் குரலுக்கும் பொருத்தமே இல்லாத பறவை தையல்சிட்டு. கைவிரல் நீளமே உள்ள அது ‘டுவிட்-டுவிட்-டுவிட்’ என்று கத்தும் சத்தம் மூன்று வீடுகளுக்கு அப்பால் கேட்கும். பட்டாணிக்குருவி இரண்டு சுரச் சீழ்க்கையை ஒரே வேகத்தில் திருப்பித் திருப்பிப் பாடும். கறுப்புத் தலை, வெள்ளைக் கன்னம், மார்பின் நடுவே கறுப்புப் பட்டி என அதை அறியலாம். வெள்ளைக்கண்ணிகள் தனியாக வருவதே அரிது. மெல்லிய சிணுங்கல் ஒலி கூட்டமாக நெருங்கி வரும், மரம் நிறைய அசையும், பிறகு ஒன்றுகூட இருக்காது. கண்ணைச் சுற்றிய வெள்ளை வளையம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். மலையுச்சிப் பகுதிகளில் காண்பது பெரும்பாலும் இலங்கைக்கே உரிய இனம், அதன் முதுகு சற்று மங்கிய பச்சை. மரக்கறிப் பாத்தியில் கோவா இலையில் தேங்கிய பனிநீரில் அவை உருண்டு குளிப்பதைக் காலையில் கவனித்தால் காணலாம். முள்முருங்கையும் கிரெவிலியாவும் பூத்திருக்கும்போது தேன்சிட்டுகளும் இவற்றோடு சேர்ந்துகொள்ளும்.

தேயிலைச் செடியின் உச்சியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் சிறு கறுப்புப் பறவை புதர்ச்சிட்டு. தோளிலும் வாலடியிலும் வெள்ளை, பெண் பழுப்பு. இலங்கையில் இது பெரும்பாலும் மலைநாட்டோடு நின்றுவிடுகிறது. கான் (வடிகால்) கரையின் மண்சுவரில் உள்ள பொந்தில் கூடு வைப்பதால், கான் வெட்டும் காலத்தில் இதற்குச் சிரமம்தான். ஸ்டோரின் கூரைச் சட்டத்திலும் பங்களா விறாந்தையிலும் மண்கிண்ணக் கூடு கட்டி, உள்ளே இறகு விரித்துக் குஞ்சு வளர்ப்பது மலைத் தகைவிலான். வெண்தொண்டை மீன்கொத்தி ஆற்றுக்குத் தொலைவிலுள்ள மலையிலும் வாழும். மீனைவிடப் பல்லி, வெட்டுக்கிளி, மண்புழு ஆகியவற்றையே அது அதிகம் தின்கிறது. பறந்தபடி அது எழுப்பும் நடுங்கும் நகைப்பொலியை ஒருமுறை கேட்டவர் மறக்கமாட்டார்.

மலையோரக் காடு அல்லது அடர்ந்த வீட்டுத் தோட்டம் அருகில் இருந்தால், அரிவாள்மூக்குச் சிலம்பனின் குரலைக் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். நீர் குமிழ்வதுபோல வேகமாக இறங்கும் ஒலித்தொடர், அதன் வாலில் ஒட்டிக்கொண்டு ஒரு கூரிய ‘க்ரீ-க்ரீ’. ஒரே பறவை பாடுவதாகத்தான் எவருக்கும் தோன்றும். முதற்பகுதி ஆணுடையது, முடிவு பெண்ணுடையது. சற்று விலகி நிற்கும் இரண்டு பறவைகளுக்கு நடுவே நீங்கள் இருந்தால் மட்டுமே இந்த இணைப்பாட்டின் தையல் பிரிந்து கேட்கும்.

பாட்டைவிட எனக்கு அதிகம் சுவையாக இருப்பது எச்சரிக்கைக் குரல்கள். அவற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பதால் சற்று நீட்டியே சொல்கிறேன். வைரியோ வேறு வேட்டைப் பறவையோ மேலே பறந்து வரும்போது சிறு பறவைகள் உயர்ந்த சுருதியில் மெல்லிய ‘ஸ்ஸீ’ என்றொரு ஒலியை எழுப்பும். அது மெதுவாகத் தொடங்கி மெதுவாக ஓய்வதால் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது வேட்டைப் பறவைக்கு மட்டுமல்ல, நமக்கும் கடினம். அதற்கு நேர்மாறாக, பூனையையோ பாம்பையோ ஆந்தையையோ கண்டால் அவை கரகரப்பாக, வெட்டி வெட்டி, ஓயாமல் திட்டும். அந்த ஒலி எங்கிருந்து வருகிறது என்று எளிதில் தெரியும், தெரியவேண்டும் என்பதற்காகவே அப்படி. இந்த வேறுபாட்டை 1950களில் பீற்றர் மார்லர் என்ற பறவையியலாளர் விளக்கினார். இதை வீட்டிலிருந்தே சோதிக்கலாம். கொண்டைக்குருவிகள், தவிட்டுக்குருவிகள், அணில்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வேலியைப் பார்த்துக் கத்தினால் அங்கே எட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு சாரைப்பாம்போ அயல்வீட்டுப் பூனையோ இருக்கும். பறவைகள் தலையைச் சரித்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்த்தபடி உறைந்துவிட்டால் நீங்களும் மேலே பாருங்கள். வெயில் ஏறிய பின் வட்டமிடும் பாம்புண்ணிக் கழுகு தன் நீண்ட சீழ்க்கையால் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். அதற்குச் சிறு பறவைகள் அவ்வளவாக அஞ்சுவதில்லை என்பதையும் கவனிக்கலாம்.

பறவை என்று நம்பி ஏமாறும் ஒலிகள் இரண்டு உண்டு. பகலில் ஒரே சுருதியில் ‘சிக், சிக், சிக்’ என்று நீண்ட நேரம் ஓயாது கேட்டால் அது அணிலாக இருக்கலாம். மாலை மழைக்குப் பின் புதருக்குள்ளிருந்து வரும் ‘டிக், டிக்’ ஒலி பெரும்பாலும் புதர்த்தவளை. நம் மலைகளில் இவற்றில் பல இனங்கள் உண்டு, இவை முட்டையிலிருந்து வால்பேத்தைப் பருவமின்றி நேரே குட்டித் தவளையாக வெளிவருபவை.

இரவில் கேட்பவற்றில் பழுப்பு வேட்டை ஆந்தையின் ‘கூ-உக், கூ-உக்’ என்ற சீரான இரட்டை ஒலி மலையகக் குடியிருப்புகளில் சாதாரணம். ஆந்தை அலறினால் வீட்டில் சாவு விழும் என்ற நம்பிக்கை இன்னும் நம்மிடையே வலுவாக இருக்கிறது. நோய்ப் பயம் நிறைந்த அந்த மாதங்களில் ஆந்தையை விரட்டக் கல்லெறிந்தவர்கள் உண்டு. ஆந்தை உங்கள் வீட்டருகே வருவது மின்விளக்கைச் சுற்றும் பூச்சியையும் லயத்து எலியையும் தேடித்தான். சிங்கள ஊர்களில் ‘உலமா’ என்று அஞ்சப்படும் அலறல் எந்தப் பறவையுடையது என்பதில் விவாதம் நெடுநாள் நீண்டது. பலர் புள்ளிவயிற்றுப் பெரிய ஆந்தையையே காட்டுகிறார்கள்.

இன்னொரு கூட்டம் ஊரடங்கு தொடங்கிய நேரத்தில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. வடக்கிலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க வரும் வலசைப் பறவைகள் மார்ச், ஏப்ரலில் திரும்பிப் போகும். காஷ்மீர் ஈப்பிடிப்பான் இமயமலையின் வடமேற்கில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இலங்கை மலைநாட்டையும் தென்னிந்திய மலைகளையும் நாடி வருவது. நுவரெலியா விக்டோரியா பூங்காவில் அதைப் பார்க்கவென்றே வருகிறவர்கள் உண்டு. ஆறுமணிக்குருவி காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஆறு மணிக்கு இரண்டு சுரச் சீழ்க்கை ஒன்றை அடிக்கும். நிறத்தில் அதற்கு ஈடான பறவை குறைவு என்றாலும் சருகுக்குள் நடப்பதால் கண்ணில் படாது. பீலிக்கரையில் வாலை ஆட்டிக்கொண்டு கல்லுக்குக் கல் தாவும் மஞ்சள் வயிற்று வாலாட்டியும், வேலிக்கம்பில் இருந்து கரடுமுரடாகக் கத்தும் பழுப்புக் கீச்சானும் அதே விருந்தாளிகள்தாம். ஏப்ரல் நடுவில் இவற்றின் குரல் நின்றுபோனதை நீங்கள் கவனித்திருந்தால் உங்கள் காது நன்றாகவே தேறிவிட்டது. இல்லாததைக் கேட்பதுதான் கடினம்.

முறை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், முதுகைச் சுவரில் சாய்த்து அசையாமல் உட்காருங்கள். முதல் ஐந்து பத்து நிமிடம் பறவைகள் உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கும்; பிறகு தம் வேலையைப் பார்க்கும். கேட்ட ஒலியை உங்கள் காதுக்குப் பட்டபடி எழுத்தில் எழுதுங்கள், திசையையும் உயரத்தையும் சேர்த்து. ஒரே நாளில் இருபது பறவைகளைப் பெயரிட முயல வேண்டாம். ஐந்தை ஐயமறக் கற்றால் ஆறாவது தானே தனித்துக் கேட்கும். கைத்தொலைபேசியில் பதிவு செய்யலாம். 2005 முதல் இயங்கும் சீனோ-கான்டோ தளத்தில் உலகப் பறவைகளின் குரல்களை இலவசமாகக் கேட்டு ஒப்பிடலாம். பறவைகளை அடையாளம் காட்டும் மேர்லின் செயலி 2021இல் ஒலியைக் கேட்டுப் பெயர் சொல்லும் வசதியை முதலில் வட அமெரிக்கப் பறவைகளுக்காகவே தந்தது. அது சொல்லும் பெயரை ஒரு துப்பாகக் கொண்டு, கண்ணாலும் பார்த்த பிறகே நம்புங்கள். பதிவான பாட்டை வாசலில் ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதை மட்டும் நான் கண்டிப்பாகத் தடுப்பேன். தன் எல்லைக்குள் பகைவன் புகுந்துவிட்டான் என்று நம்பி, குஞ்சுக்கு இரை தேட வேண்டிய நேரத்தை ஆண் பறவை உங்கள் தொலைபேசியோடு சண்டையிட்டுக் கழிக்கும்.

தீனி வைப்பது பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். மிஞ்சிய சோறு காக்கையையும் எலியையும்தான் கூட்டும். அகலமான மண்சட்டியில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் வைத்து நாள்தோறும் கழுவி மாற்றினால் தீனிக்கு வராத பறவைகளும் வரும். பப்பாளியோ வாழையோ பழுத்தால் ஒன்றிரண்டை மரத்திலேயே விடலாம். பூனை வளர்ப்பவர்கள் விடியற்காலையில் அதை உள்ளே வைத்திருப்பது இவை எல்லாவற்றையும்விட உதவும். இறகு முளைத்த குஞ்சு தரையில் நின்றால் எடுத்து வளர்க்க வேண்டாம். தாய் அருகிலேயே இருக்கும், பக்கத்துக் கிளையில் ஏற்றிவிட்டு விலகிவிடுங்கள். பாதுகாக்கப்பட்ட இனக் கிளியின் குஞ்சைப் பிடித்துக் கூண்டில் வைப்பது 1937ஆம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

எழுதி வைத்த குறிப்புகள் உங்கள் கொப்பியோடு நின்றுவிட வேண்டியதில்லை. பறவைக் குறிப்புகளைத் திரட்டும், 2002இல் தொடங்கிய ஈபேர்ட் இணையதளத்தில் இடம், நேரம், எத்தனை நிமிடம் இருந்தீர்கள், எவற்றைக் கண்டீர்கள் அல்லது கேட்டீர்கள் என்று பதியலாம். இலங்கையில் 1943இல் தொடங்கிய சிலோன் பேர்ட் கிளப்பும், கொழும்புப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு 1976 முதல் இயங்கும் களப் பறவையியல் குழுவும் இத்தகைய பதிவுகளைத் திரட்டிவருகின்றன. விக்டோரியா பூங்காவையும் ஹோர்ட்டன் சமவெளியையும் பற்றி நிறையப் பதிவுகள் உண்டு. தோட்டக் குடியிருப்புகளிலிருந்து வருபவை மிகச் சொற்பம். லயத்துக்கு முன்னாலுள்ள மரக்கறிப் பாத்தியில் எந்தப் பறவை எந்த மாதத்தில் வருகிறது என்பதை அங்கே வாழ்கிறவரைவிட வேறு யார் எழுத முடியும்? வரும் செப்டெம்பர் கடைசியிலிருந்து வேலிக்கம்பைக் கவனித்து, பழுப்புக் கீச்சான் முதன்முதலாகக் கத்திய திகதியைக் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அதே வேலியில் அதே குறிப்பு சேர்ந்தால், வலசை வரும் நாள் மாறுகிறதா என்ற கேள்விக்கு உங்களிடம் ஒரு பதில் இருக்கும்.